மெளலவியும் மௌலவியும்

தலைப்பிலுள்ள இரண்டு சொற்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான கைப்பேசித் திரைகளில் அவற்றுக்கிடையே வேறுபாடு எதுவும் தென்படாது. நமக்கும் தென்படவில்லை. பல ஆண்டுகளாக முதலாவதையே எழுதி வந்தோம். அழைப்பிதழ்களிலும் அறிவிப்புகளிலும் பாடக் குறிப்புகளிலும் அதுவே இடம்பெற்றது. அது பிழை என்று காட்டியவர் நம்மிடம் ஓதிய மாணவர். அந்தப் பிழையைத் திருத்தப் புறப்பட்டு அவர் பட்ட பாட்டையும், அதன் வழியே நாம் நினைவுகூர நேர்ந்த பழைய கடன் ஒன்றையும் இங்கே எழுதுகிறோம்.

குனியமுத்தூர் பக்கம் நாம் நடத்தும் மாலை மக்தபில் பிள்ளைகளுக்காக ஒரு சொற்பட்டியல் உண்டு. அரபுச் சொல், அதன் தமிழ் ஒலிபெயர்ப்பு, பொருள் என மூன்று பத்திகள். சுமார் 1200 சொற்கள். ஆண்டுக்குக் கொஞ்சமாகச் சேர்த்தது. பாதியைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பின்னர் யூனிகோடுக்கு மாற்றினோம். மீதியைக் கைப்பேசியிலேயே அடித்தோம். ஷவ்வாலில் புதிய கல்வியாண்டு தொடங்கும் முன் அதனை அகரவரிசைப்படுத்தி அச்சிட விரும்பினோம். சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் நமது பழைய மாணவரை அழைத்தோம். அவர் பைத்தான் என்னும் நிரல்மொழியில் பத்துப் பதினைந்து வரிகள் எழுதினார். கண் இமைக்கும் நேரத்தில் பட்டியல் வரிசையாகி வந்தது.

வந்த வரிசையைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒருங்கே எழுந்தன. முன்னே நிற்க வேண்டிய மக்ரிப், மகாமுக்குப் பின்னால் நின்றது. ளகரச் சொற்கள் ழகரத்துக்கு முன்பாக வந்தன. பதினெட்டு மெய்களுள் கடைசியாக வர வேண்டிய னகரம், நகரத்தை அடுத்து இடையில் புகுந்திருந்தது. “கணினிக்குத் தமிழ் தெரியாது தம்பி” என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அத்தீர்ப்பில் பாதி சரிதான். யூனிகோடு தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. அவற்றில் எழுத்துகள் அமர்ந்துள்ள முறை நமது நெடுங்கணக்கின் முறையன்று. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த, தேவநாகரியைத் தழுவிய ஒழுங்கு அது. மேலும் கணினி ‘தமிழ்’ என்னும் சொல்லை மூன்றெழுத்தாக எண்ணாது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாக எண்ணும். எண் வரிசையை மட்டும் பார்த்து அடுக்கச் சொன்னால் அது அப்படித்தான் அடுக்கும். இதற்கு மாற்று வழி உண்டு என்றார் மாணவர். ‘ஓப்பன் தமிழ்’ என்னும் திறமூல நூலகத்தை இணைத்தார். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பிரித்து ஒப்பிடும் வேலையை அது செய்கிறது. மக்ரிப் தன் இடத்துக்கு வந்தது.

ஆனால் ‘மௌத்’ மட்டும் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று மகர வரிசையின் கடைசியில். மற்றொன்று ‘மெ’ என்று தொடங்கும் சொற்களின் நடுவில். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. மீண்டும் கணினியின் மீதே பழியைப் போட்டோம். மாணவர் நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கியபடி சொன்னார்: “பிழை கருவியில இல்லைங்க ஹஜ்ரத். எழுத்துல இருக்குங்க.”

“யார் அடித்த எழுத்து?”

அவர் பதில் கூறவில்லை. பட்டியலின் அடியில் தொகுப்பாளர் என்று நமது பெயர்தான் இருந்தது.

ஔகாரத்தின் வலப்பக்கம் வரும் குறி, பார்ப்பதற்கு ளகரம் போலவே இருக்கும். அச்சில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். யூனிகோடில் அது வேறு, ளகரம் வேறு. ‘மௌ’ என்பதற்குத் தனிக் குறி இருக்க, நாமோ மெ என்று அடித்து அருகில் ஒரு ளகரத்தை நிறுத்தி வந்திருக்கிறோம். மனிதக் கண் அதை மௌலவி என்று வாசித்துக்கொள்ளும். கணினி அதை மெ-ள-ல-வி என்றே படிக்கும். தௌஹீதும் அப்படியே, மௌலிதும் அப்படியே. தேடினால் கிடைக்காது, வரிசையில் இடம் மாறும், பார்வையற்ற சகோதரர்களுக்காகத் திரையை வாசித்துக் காட்டும் கருவிகளில் உச்சரிப்பும் கெடும்.

அவர் தயங்கியதன் காரணம் நமக்குத் தெரியும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அவர் சிறுவராக நம்மிடம் ஓதிய காலம். கரும்பலகையில் ஓர் அரபுச் சொல்லை எழுதினோம். ளாத் எழுத்தின் மேலுள்ள நுக்தா விடுபட்டுப் போயிற்று. புள்ளி போனால் ளாத், ஸாத் ஆகிவிடும், சொல்லே வேறாகிவிடும். மூன்றாம் வரிசையிலிருந்து அவர் எழுந்து, “ஹஜ்ரத், புள்ளி விட்டுட்டீங்க” என்றார். வகுப்பு சிரித்தது. நாம் அவரை அதிகப்பிரசங்கி என்று சொல்லிக் கடைசி வரிசைக்கு அனுப்பினோம். புள்ளியையும் பிறகு வைத்தோம். அவர் சொன்னதால் வைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதன் பின் ஓதி முடிக்கும் வரை அவர் வகுப்பில் ஒரு வினாவும் எழுப்பியதில்லை.

இதில் நம்மை உறுத்துவது வேறொன்று. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் இளமைக்கால நிகழ்ச்சியை ஆண்டுதோறும் நாமே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். புகாராவில் தாகிலீ என்னும் ஆசிரியர் ஹதீஸ் பாடம் நடத்துகிறார். அறிவிப்பாளர் வரிசையில் அபுஸ் ஸுபைர், இப்ராஹீமிடமிருந்து அறிவித்ததாகப் படிக்கிறார். அபுஸ் ஸுபைர் இப்ராஹீமிடமிருந்து அறிவித்ததில்லை என்று பதினொரு வயதுச் சிறுவர் எழுந்து கூறுகிறார். ஆசிரியர் அதட்டுகிறார். மூலப் பிரதி இருந்தால் பாருங்கள் என்கிறார் சிறுவர். ஆசிரியர் உள்ளே சென்று பார்க்கிறார். வெளியே வந்து, அப்படியானால் சரியானது எது என்று அந்தச் சிறுவரிடமே கேட்கிறார். ஸுபைர் பின் அதீ என்று விடை வருகிறது. எழுதுகோலை வாங்கித் தமது பிரதியைத் திருத்திக்கொள்கிறார் ஆசிரியர்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போதெல்லாம் நாம் சிறுவரின் நினைவாற்றலை மட்டுமே புகழ்ந்து வந்தோம். அதட்டிய பிறகும் உள்ளே சென்று பார்த்த அந்த ஆசிரியரை ஒருபோதும் கவனித்ததில்லை.

நமது மாணவர் அன்றிரவு பட்டியலைத் திருத்திக் கொடுத்ததோடு நிற்கவில்லை. இப்பிழையை நாம் மட்டுமா செய்கிறோம்? தமிழ் இணையத்தில் எங்கு தேடினாலும் மெளனமும் கெளரவமும் ளகரத்தோடு கிடைக்கின்றன. எனவே, பலரும் பயன்படுத்தும் தமிழ் எழுத்து நூலகம் ஒன்றிலேயே இதற்குத் திருத்தம் செய்து அனுப்பிவிடலாம் என்று எண்ணினார்.

திறமூலம் என்பதைப் பற்றி வாசகர்களுக்குச் சிறிது கூறவேண்டும். அத்தகைய மென்பொருளின் மூல வரிகள் எவரும் காணத் திறந்து கிடக்கும். எவரும் குறை கண்டு முறையிடலாம். திருத்தி அனுப்பவும் செய்யலாம். ஆனால் அனுப்பியதெல்லாம் உள்ளே போய்விடாது. பராமரிப்பவர்கள் வரிவரியாகப் படித்து, கேள்வி கேட்டு, சோதித்து, ஒப்பினால்தான் ஏற்பார்கள். அவர்களுள் பலர் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவிலும் விடுமுறையிலும் ஊதியமின்றி இதனைச் செய்பவர்கள்.

தமிழிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ‘எழில்’ என்னும் நிரல்மொழியை அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்து அண்ணாமலை உருவாக்கினார். 2009இல் அதுபற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். பின்னர் அது திறமூலமாகப் பலர் கைபட்டு வளர்ந்தது. அதில் அச்சிடச் சொல்லும் கட்டளை ‘பதிப்பி’. ஒரு பகுதி நிறைவடைவதைக் குறிப்பது ‘முடி’. நிபந்தனை விதிக்கும்போது நிபந்தனையை முதலில் எழுதி, அதன் பின்னரே ‘ஆனால்’ என்று எழுத வேண்டும். நாம் பேசும் வரிசையும் அதுதானே! மக்தப் பிள்ளைகள் மாணவரின் மடிக்கணினியில் பதிப்பி என்று எழுதி ஸலாம் சொல்ல வைத்தபோது அவர்களுக்கு உண்டான மகிழ்ச்சியை நேரில் கண்டோம்.

எழில் பைத்தானின் மேல் கட்டப்பட்டது. அடித்தளத்திலேயே தமிழுக்குப் பொருந்தாத இடங்கள் உள்ளன. சொல்லில் வரும் எழுத்துகளை மட்டும் பொறுக்கு என்று பைத்தானின் வழக்கமான தேடல் கருவிக்கு ஆணையிட்டால், உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாக மதிப்பதில்லை. ‘தமிழ்’ என்பது ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரண்டாக உடைந்துவிடும். தேவநாகரி எழுத்துகளை முன்வைத்து 2007ஆம் ஆண்டிலேயே இதற்கு முறையீடு பதிவாயிற்று. பழைய நடத்தையை நம்பி எழுதிய நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கையில், ஒரு சிறு விதியை மாற்றுவதும் எளிதாக இருப்பதில்லை. குறை எல்லோருக்கும் தெரிந்திருப்பது ஒன்று. அதைத் தீர்ப்பது முற்றிலும் வேறொன்று.

மாணவரின் திருத்தத்துக்கு வருவோம். அவர் எழுதிய விதி எளியது: கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரக் குறியாக மாற்று. நமது பட்டியலுக்கு அது சரியாக வேலை செய்தது. அனுப்பிய மூன்றாம் நாள் மறுப்பு வந்தது. அப்படியானால் ‘தெளிவு’ என்ன ஆகும், ‘வெள்ளி’ என்ன ஆகும் என்று ஆய்வாளர் கேட்டிருந்தார்.

வெட்கப்பட்ட மாணவர் விதியை மாற்றினார். ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்றார். தெளிவும் வெள்ளியும் பிழைத்தன. மீண்டும் அனுப்பினார். இம்முறை பத்து நாட்கள் கழித்துப் பதில் வந்தது. கதைகளிலும் உரையாடல்களிலும் மக்கள் பேசுவதுபோலவே எழுதுகிறார்களே, ‘வெளக்கு’ என்றால் உங்கள் நிரல் என்ன செய்யும்?

அந்த ஜும்ஆ நாளில் அவர் மதரஸாவுக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. “இலவசமா வேலை செஞ்சு கொடுக்கறனுங்க ஹஜ்ரத். அதுக்கும் குத்தம் கண்டுபிடிக்கறாங்க. விட்டுடலாம்னு இருக்கேனுங்க” என்றார். கணினியைத் திறந்து காட்டச் சொன்னோம். நீக்கிய வரிகள் சிவப்பிலும் சேர்த்த வரிகள் பச்சையிலும் இருந்தன. பக்கத்தில் ஆய்வாளரின் குறிப்புகள். ஆங்கிலத்தில் இருந்தவற்றை அவரே வாய்விட்டுச் சொல்ல, நாம் கேட்டோம். ஓரிடத்திலும் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாம் வரிகளைப் பற்றியே இருந்தன. முகமறியாத அந்த மனிதர் ‘வெளக்கு’ என்னும் சொல்லை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்திருந்தார். நமது வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல் அது. வெளக்கு, வெளயாட்டு என்றுதான் கொங்குநாட்டுப் பிள்ளைகள் பேசுகிறார்கள். நமது ஊர்ப் பேச்சை நாமே மறந்துவிட்டு விதி எழுதினோம். காப்பாற்ற வந்தவர் எங்கோ இருக்கும் ஓர் அந்நியர்.

நமது அத்தா கணபதியில் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தவர். பம்பு வார்ப்படங்களில் காற்றுக் குமிழி நின்று துளை விழுவதுண்டு. சிலர் அதில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே வண்ணம் அடித்துவிடுவார்கள். பார்வைக்கு மாசு இராது. கிணற்றில் இறங்கிய பிறகுதான் தெரியும். துளையைக் காட்டித் திருப்பி அனுப்பும் ஆளை அத்தா திட்டிக்கொண்டே வருவார். திட்டி முடித்ததும், “அவன் இல்லைன்னா கம்பெனி பேர் கெட்டுப்போகும்” என்பார். இதனை மாணவரிடம் சொன்னோம். அவருக்குப் பவுண்டரி தெரியாது; ஆயினும் கேட்டுக்கொண்டார்.

ஆய்வு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அவரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஹெச்பி என்னும் நிரல்மொழியில் எண்ணற்ற இணையதளங்கள் இயங்குகின்றன. 2021 மார்ச் 28 அன்று அதன் மூல வரிகளில் இரண்டு மாற்றங்கள் நுழைந்தன. ஒன்று லெர்டார்ஃபின் பெயரிலும் மற்றொன்று முதன்மைப் பங்களிப்பாளரான நிகிதா போபோவின் பெயரிலும் இருந்தன. மாற்றத்தின் குறிப்போ, எழுத்துப்பிழை திருத்தம் என்றது. உள்ளே இருந்தது கள்ளச் சாவி: குறிப்பிட்ட வகையில் வேண்டுகோள் அனுப்பினால், அந்த மொழியில் இயங்கும் எந்த வழங்கியிலும் வெளியார் தமது கட்டளையை நிறைவேற்றிக்கொள்ளலாம். அவ்விருவரும் அதை எழுதவில்லை. அவர்கள் பெயரில் வேறெவரோ புகுத்தியிருந்தார்கள். நல்லவேளையாக, உள்ளே வந்த மாற்றங்களையும் சிலர் வழக்கமாகப் படித்து வந்தார்கள். சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கினார்கள்.

ஹதீஸ் கலையில் ஒரு நாளேனும் பாடம் கேட்டவருக்கு இது புதிதாகத் தோன்றாது. நம்பகமான அறிவிப்பாளரின் பெயரை முன்னால் ஒட்டிப் பொய்யைச் சேர்ப்பது பழைய தந்திரம். பெயரை மட்டும் பார்த்து ஏற்காமல், ஆளையும் ஆராய்ந்து, கைமாறிய வழியையும் ஆராய்ந்து, சொன்ன செய்தியையும் ஆராய்ந்தார்கள் முன்னோர். ஜர்ஹ், தஃதீல் என்று அதற்கு ஒரு கலையே வளர்ந்தது. எழுத்துப்பிழை திருத்தம் என்ற போர்வையில் கள்ளச் சாவி வரும் உலகில், உண்மையாகவே எழுத்துப்பிழை திருத்தும் நமது மாணவரிடம் இத்தனை கேள்வி கேட்டதில் வியப்பென்ன?

அதேவேளை, கேட்பவர்களும் சோர்ந்து போகிறார்கள் என்பதையும் நீதியுடன் சொல்லவேண்டும். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம், 1991இல் முதல் வெளியீடு வந்தது முதல் அதன் இறுதி முடிவுகளைத் தாமே எடுத்து வந்தார். := என்னும் சிறு குறியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எழுந்த விவாதம் நீண்டு, கடுமையாகி, 2018 ஜூலையில் அவர் அப்பொறுப்பிலிருந்தே விலகினார். அவர் தரப்பு அவ்விவாதத்தில் தோற்கவுமில்லை. அந்தக் குறி மொழியில் சேர்ந்தது. அதன்பின் ஐவர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்து மஷ்வராவின் வழியே நடத்துகிறார்கள். இரண்டு புள்ளிகளும் ஒரு சமக்குறியும்தான். பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டங்களில் இதைவிடச் சிறிய காரியங்களுக்கு மனிதர்கள் பேச்சை முறித்துக்கொண்டதைப் பார்த்த நமக்கு, நிரலாளர்களைக் குறைசொல்ல வாய் வரவில்லை.

தொழுகையில் இமாம் ஓதும்போது தடுமாறினால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுப்பார், லுக்மா என்போம். எடுத்துக் கொடுத்தவர் யார் என்று இமாம் திரும்பிப் பார்ப்பதில்லை. சரியானதை வாங்கிக்கொண்டு மேலே ஓதுகிறார். ஸலாம் கொடுத்த பிறகும் அதுபற்றிப் பேச்சு எழுவதில்லை. தொழுகைக்குள் இவ்வளவு எளிதாக ஏற்கும் நமக்கு, கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் ஏன் அது இயலாமற்போயிற்று?

அன்று மாலை அஸருக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்தோம். பொது விதியாக மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டோம். ஔகாரம் உறுதியாக வரும் சொற்களைத் தனிப் பட்டியலாக எழுதினோம். மௌனம், கௌரவம், சௌகரியம், வௌவால், மௌலவி, தௌஹீத் என்று நாம் சொல்லச் சொல்ல அவர் சேர்த்தார். ‘ரௌளா’ என்று ஒன்று சொன்னோம். ஔகாரக் குறியும் உண்மையான ளகரமும் அடுத்தடுத்து நிற்கும் சொல் அது. பிழையாக அடித்தால் இரண்டு ளகரங்கள் வரும். ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டுவைக்க வேண்டும். மாணவர் முகம் மலர்ந்தது. “இது நல்ல சோதனைங்க ஹஜ்ரத்” என்று அதைச் சோதனை வரிசையில் முதலாவதாக வைத்தார். வெளக்கும் வெளயாட்டும் மாறக்கூடாதவை என்னும் பட்டியலில் இடம்பெற்றன.

மக்ரிபுக்கு நேரம் நெருங்கியபோது, கரும்பலகையில் விடுபட்ட அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்டோம். நினைவிருக்கிறதா என்றோம். “அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேனுங்க” என்று சிரித்தார். நாம் மறக்கவில்லை என்றும், அன்று அவர் சொன்னது சரி என்றும், அனுப்பியது தவறு என்றும் சொன்னோம். மன்னிக்குமாறு கேட்டோம். அவர் பதறி எழுந்துவிட்டார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கடைசி வரிசையில ஜன்னல் பக்கம்ங்க, காத்து நல்லா வரும்” என்றார். எந்த வரிசை, எந்தப் பக்கம் என்பது வரை அவருக்கு நினைவிருந்தது.

திருத்தம் மூன்றாவது முறை அனுப்பப்பட்டது. ஆய்வாளர் இன்னும் இரண்டு சிறு மாற்றங்கள் கேட்டார், செய்து கொடுத்தார். ஏற்கப்பட்டது. பிழையை முதலில் அறியத் தந்தவர் யார் என்று குறிப்பிடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. பிழையைச் செய்தவர் என்றல்லவா எழுதவேண்டும் என்று நாம் மறுத்துப் பார்த்தோம், அவர் கேட்கவில்லை. நமது பெயரைச் சேர்த்துவிட்டார். வெளியானதைக் காட்டியபோது படித்துப் பார்த்தோம். நமது பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. மறுநாளே அதற்கும் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார்; இதை எழுதும் வரை அது ஆய்வில் இருக்கிறது.